ஒன்றேகால் மணி நேரத்து மெத்தை

குஷன்காரர் நடு ஆகாயத்தில் விமானத்தின் சீட்டைக் கிழித்துவிட்டாராம். உள்ளே என்ன சரக்கு வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்தாராம். பணிப்பெண்கள் நாலு பேர் சேர்ந்து அமுக்கினார்களாம். விமானம் இறங்கியதும் ஆளை நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, உருட்டிக்கொண்டே வெளியே கொண்டுவந்தார்களாம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தெரு முழுக்க இதே பேச்சு. முடிவெட்டும் கடையில் கிழிந்தது ஒரு சீட். டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் அது ஒரு வரிசையாகிவிட்டது. ஒர்க் ஷாப்பில் போய்க் கேட்டால், விமானத்தையே பாதி வழியில் திருப்பிவிட்டார்கள் என்றார்கள்.

இந்தச் சமாசாரத்தை முதலில் கொண்டுவந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். தெருவுக்கே பார்வை சரிபண்ணுகிறவர். அதே விமானத்தில், குஷன்காரருக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து போனவர். அப்படிப்பட்டவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? என்ன, அந்த நேரம் அவர் அரைத் தூக்கத்தில் இருந்தார், தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அவ்வளவுதான் குறை.

நடந்தது வேறு. அதைச் சொல்வதற்கு விமானத்திலிருந்து ஆரம்பித்தால் சரிவராது. குஷன்காரருடைய அக்காளின் இடுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அக்காள் சலவைக் கடையில் இஸ்திரி போட்டவள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும், புருஷன் போன பிறகும், மேசைக்கு முன்னால் நின்றபடியே காலத்தை ஓட்டியவள். தம்பி நேர் எதிர். பள்ளிக்கூடத்தில் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்திவைத்தார்கள் என்று கோபித்துக்கொண்டு படிப்பை விட்டவர். அக்காள்தான் அவர் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு குஷன் கடையில் விட்டாள். "இவனுக்கு நிக்க வராது. உட்கார்ந்து செய்யற வேலை ஏதாவது இருந்தா குடுங்க" என்றாளாம். பிற்பாடு தம்பி சொந்தமாகக் கடை போட்டு, பஸ் முதலாளிகள் தேடிவரும் ஆளாகிவிட்டார். நின்றே சம்பாதித்த அக்காள், உட்கார்ந்தே சம்பாதித்த தம்பி. உடம்பு தேய்ந்தது மட்டும் அக்காளுக்கு.

குஷன்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. சீட் தைக்கச் சொல்லி பஸ் வந்து நின்றால், எந்த ஊருக்குப் போகிறது, எத்தனை கிலோமீட்டர் என்றெல்லாம் கேட்கமாட்டார். "எவ்வளவு நேரம் உட்காரணும்?" இது ஒன்றுதான் கேள்வி. உள்ளூருக்குள் சுற்றும் வண்டி என்றால் ரெண்டு விரல் தடிமனுக்கு ஸ்பாஞ்ச். "அதுக்கு மேல சொகுசு குடுத்தா ஸ்டாப்பிங் வந்தாலும் எறங்க மாட்டாங்க" என்பார். அரை நாள் ஓட்டம் என்றால் நாலு விரல். ராத்திரி முழுக்கப் போகிற வண்டி என்றால் அடியில் கெட்டி, மேலே மெது என்று ரெண்டு அடுக்கு. தைத்து முடித்த முதல் சீட்டைக் கடை வாசலில் போட்டு, வண்டி எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரமும் தானே உட்கார்ந்து பார்ப்பார். எழுந்திருக்க மாட்டார். சாப்பாடு கொண்டுவரும் அவர் மனைவி வாசலில் நின்று, "ஏங்க, உங்க பஸ் இப்போ எந்த ஊர்ல நிக்குது? சாப்பிட எறங்கறீங்களா, இல்ல ஜன்னல் வழியா நீட்டணுமா?" என்று கேட்பாள். தெருவே சிரிக்கும். அவர் கையை மட்டும் நீட்டுவார்.

ஆக, அவருடைய கணக்கில் உலகத்தில் தூரம் என்று ஒன்று கிடையாது. உட்காரும் நேரம்தான் உண்டு. இந்தக் கணக்குதான் பிறகு அவரைக் கவிழ்த்தது.

அக்காளின் ஒரே மகள் கல்யாணமாகி, மேற்கே கடல் தாண்டி வேறொரு தேசத்தில் இருக்கும் நகரத்துக்குப் போய்விட்டாள். அங்கே பிள்ளையும் பெற்றாள். அக்காள் போகவில்லை. போகப் பிரியமில்லாமல் அல்ல, உட்கார முடியாமல். சினிமாவுக்குப் போனால் இடைவேளை வரைக்கும் தாங்குவாள். மீதிப் படத்தை மறுநாள் தம்பி மனைவி வாயால் கேட்டுக்கொள்வாள். மகளின் கல்யாணத்துக்கு வேனில் கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்து வந்ததற்கே மறுநாள் இடுப்பு பிடித்து, மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்தபோது படுத்த வாக்கில் கும்பிட்டாள்.

"நாலு மணி நேரம்தாம்மா ஆகும்" என்று மகள் ஃபோனில் சொன்னபோது, "அது எனக்கு ரெண்டு சினிமாடி" என்று அக்காள் வைத்துவிட்டாள்.

ஆனால் பேத்தி ஃபோனில் சிரிக்க ஆரம்பித்ததும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு நாள் தம்பி கடைக்கு வந்து, உட்காராமல், தூணில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "டேய், அதுக்கு அஞ்சு மாசம் ஆகுது. இன்னும் கொஞ்ச நாள்ல முகம் தெரிய ஆரம்பிச்சிடும். அதுக்கப்புறம் நான் போய் நின்னா யாரோ வேத்து ஆள்னு முடிவு பண்ணி வீல்னு கத்தும். அதுக்குள்ள போய் ஒரு தடவை தூக்கிடணும்டா."

"போயிடலாம்."

"போயிடலாம்தான். போய் எறங்கறப்ப நான் நடந்து எறங்கணும். இடுப்பு பிடிச்சுப் போய் அங்க விழுந்தேன்னு வையி, அவ பச்சப் பிள்ளையத் தூக்குவாளா, என்னைத் தூக்குவாளா?"

குஷன்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன். நீ பையை மட்டும் எடு."

மகள் ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பினாள். குஷன்காரர் அதை அச்செடுத்துக்கொண்டு வந்து, ரெக்சின் சுருள்மேல் விரித்துவைத்துப் படித்தார். கிளம்பும் நேரம் காலை பத்து. போய்ச்சேரும் நேரம் பதினொன்றேகால். மறுபடி படித்தார். பத்து. பதினொன்றேகால். நேரே சலவைக் கடைக்கு ஓடினார்.

"அக்கா! ஒன்னேகால் மணி நேரம்தான்! உன் இடைவேளை வந்ததும் எறங்கிடலாம்!"

"அவ நாலுன்னு சொன்னாளேடா."

"அவ வீட்டுக் கதவைப் பூட்டினதுலேருந்து கணக்குப் போடறா. டாக்ஸி, அங்க போய் வரிசைல நிக்கறது, பைய உருட்டறது எல்லாம் சேர்த்து. சீட்ல உட்கார்ற நேரம் ஒன்னேகால்தான். இங்க பாரு, எழுதியே இருக்கு."

எழுதியே இருந்தது. அக்காள் மகளுக்கு ஃபோன் போட்டு, "தம்பி எல்லாம் பார்த்துட்டான், நான் உட்கார்ந்துடுவேன்" என்றாள். மகள் அழுத அழுகையில் எவ்வளவு நேரம் என்று மறுபடி கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

சந்தேகப்பட்ட ஆள் ஒருவர்தான். வெளியூர் பஸ் ஓட்டும் டிரைவர், குஷன்காரருக்கு ரொம்ப நாள் சிநேகிதர். அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்குக் குறையாதுன்னு சொல்றாங்களே. ஒன்னேகால் மணி நேரத்துல எப்படிய்யா போகும்? பிளேனா, துப்பாக்கிக் குண்டா?"

"உன் வண்டி மாதிரியா அது? மேல வளைவு கிடையாது, ஸ்பீட் பிரேக்கர் கிடையாது, நீ நிறுத்தற மாதிரி ஓசிச் சாப்பாட்டுக் கடை கிடையாது."

"சரி, திரும்பி வர்றது என்ன போட்டிருக்கு?"

இங்கேதான் குஷன்காரர் கொஞ்சம் தடுமாறினார். திரும்பும் விமானம் பகல் பன்னிரண்டுக்குக் கிளம்பி, சாயங்காலம் ஆறேகாலுக்கு வருகிறது. ஆறேகால் மணி நேரம்! அவர் அதை ஏற்கெனவே பார்த்துவிட்டுத்தான் மடித்து உள்பக்கம் வைத்திருந்தார்.

"அது சாதா வண்டி போல. நின்னு நின்னு வரும்."

"ஆகாயத்துல எங்கய்யா நிக்கும்?"

"முதல்ல போவோம். வர்றதைப் பத்தி அப்புறம் பார்ப்போம். அக்காகிட்ட உளறி வைக்காத" என்று வாயை அடைத்துவிட்டார்.

அன்றைக்கே அக்காளுக்கு ஒரு மெத்தை தைத்தார். நேரம் ஒன்றேகால் மணி. அவர் கணக்குப்படி உள்ளூர் வண்டி. ரெண்டு விரல் தடிமன் போதும் என்றார். பிரியம் அதிகமானதால் அரை விரல் கூட்டினார். கக்கத்தில் இடுக்கிக்கொள்ளும் அளவு, அக்காளுக்குப் பிடித்த நீலத்தில் உறை, ஓரம் சுற்றிக் கயிறுபோல் உருண்ட குழாய்த்தையல். வாசலில் போட்டு ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். சொர்க்கமாக இருந்தது.

பயண நாள். விமானத்தில் அக்காளுக்கு நடைவழியோரச் சீட், பக்கத்தில் இவர். காது அடைக்கும் என்று தம்பி மனைவி சொல்லி அனுப்பியதால் அக்காள் ரெண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி, நீல மெத்தைமேல் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். குஷன்காரர் விமானச் சீட்டை விரல் முட்டியால் தட்டினார். ஓரத்தைக் கிள்ளினார். "காசை ரெக்கைல போட்டுட்டாங்க. உட்கார்ற இடத்துல ஒன்னும் போடல" என்று முணுமுணுத்தார்.

விமானம் மேலே ஏறிய பிறகு விமானி பேசினார். வணக்கம் சொன்னார், உயரம் சொன்னார். பயண நேரம் மூன்றே முக்கால் மணி என்றார்.

குஷன்காரர் அவசரமாகப் பையைத் திறந்தார். காகிதத்தை எடுத்தார். பத்து. பதினொன்றேகால். அந்த வழியாக வந்த பணிப்பெண்ணை மெதுவாகக் கூப்பிட்டார். "ஏம்மா, பதினொன்னேகாலுக்குப் போயிடும்னு இதுல போட்டிருக்கே?"

"அது அந்த ஊர் நேரம் சார். அங்க கடிகாரம் நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னாடி. கிளம்பறது நம்ம நேரத்துல போடுவாங்க, எறங்கறது அவங்க நேரத்துல போடுவாங்க."

"ரெண்டு ஊர் நேரத்தையும் ஒரே காகிதத்துல போட்டா மனுஷன் எப்படிம்மா கழிக்கறது?"

அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். குஷன்காரர் அக்காளைத் திரும்பிப் பார்த்தார். காதில் பஞ்சு. ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அவளுக்கு அடியில் ரெண்டரை விரல் மெத்தை. மீதி நேரமெல்லாம் தனக்கடியிலிருந்து ஆணி முளைப்பதுபோல் அவருக்கு இருந்தது.

ஒரு மணி நேரம் போல ஆனதும் அக்காள் ஒரு பக்கப் பஞ்சை எடுத்தாள். "இன்னும் எவ்வளவுடா?"

"இதோ வந்தாச்சு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். "இதோ, எறங்கப் போறான்" என்று சொல்லி மூக்கை உறிஞ்சினார்.

அக்காள் மறுபக்கப் பஞ்சையும் எடுத்துவிட்டாள். "சளி இல்லாம ஏன்டா உறிஞ்சற? சின்ன வயசுலேருந்து பொய் சொன்னா உனக்கு மூக்கு ஒழுகும். நிமிர்ந்து பார்த்து சொல்லு. எவ்வளவு?"

"அக்கா… அந்த ஊர்க் கடிகாரம் ரெண்டரை மணி நேரம் பின்னாடி ஓடுதாம்."

"ஓடட்டும். அதுக்கும் என் இடுப்புக்கும் என்ன?"

அவர் சொன்னார். அக்காள் கையிலிருந்த பஞ்சை அவர் மடியில் எறிந்தாள்.

"பெத்த பொண்ணு சொன்னா, நாலு மணி நேரம்னு. அவ பேச்சை விட்டுட்டு, உன் பேச்சைக் கேட்டேன் பாரு. மூணாங் கிளாஸ்ல உன்னை பெஞ்சு மேல ஏத்தினது கழித்தல் கணக்குக்குத்தானே? அன்னிக்கே அந்த வாத்தியார் கையைப் பிடிச்சு நல்லா நாலு போடுங்கன்னு சொல்லியிருக்கணும்."

"திட்டு அக்கா. நல்லா திட்டு."

"திட்டறதுக்கு மூச்சு வேணும்டா. இங்க பிடிக்குது." அவள் கை இடுப்புக்குப் போனது. "எழுந்து கொஞ்சம் நிக்கறேன்."

நின்றிருந்தால் பிரச்சினையே இல்லை. அவளுக்கு நிற்பது மூச்சு விடுவது போல. ஆனால் அந்த நேரம் பார்த்து விமானம் குலுங்க ஆரம்பித்தது. பெல்ட்டைக் கழற்ற வேண்டாம், யாரும் எழுந்திருக்க வேண்டாம் என்று அறிவிப்பு வந்தது. பணிப்பெண்களே போய்ப் பின்னால் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்கள். பள்ளத்தில் விழுந்த பஸ் மாதிரி ஒரு தூக்கு, ஒரு போடு. ஒவ்வொரு போடுக்கும் அக்காள் பல்லைக் கடித்தாள். முகம் வெளுத்தது. தம்பிக்குத் தாங்கவில்லை.

அவர் கை தன்னால் சீட்டின் முன் ஓரத்துக்கு அடியில் போனது. தொழில்காரன் கை. விரல் உள்ளே நுழைந்ததும் தெரிந்துவிட்டது. இந்த மெத்தையைத் தைத்துப் பொருத்தவில்லை, ஆணியும் அடிக்கவில்லை. பிரித்தால் சத்தம் போடுமே, பைகளிலும் செருப்புகளிலும் வருமே, அந்த ஒட்டுப்பட்டையில்தான் நிற்கிறது.

"அக்கா, கொஞ்சம் இப்படிக் கையை ஊனி எழும்பு. பெல்ட்டைக் கழட்டாத. ஒரு சாண் போதும்."

"என்னடா பண்ணப்போற?"

அவர் தன் பெல்ட்டைத் தளர்த்தி, உடம்பை எம்பிப் பிடித்துக்கொண்டு, தன் சீட்டின் மெத்தையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

பர்ர்ர்ர்ர்ரென்று ஒரு சத்தம். விமானமே ரெண்டாகப் பிளந்த மாதிரி. முன்னால் ஒரு அம்மாள் கடவுளைக் கூப்பிட்டாள். பின்னால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தூக்கிவாரிப்போட்டு விழித்து, கண்ணாடிக்காகச் சட்டைப் பையில் தடவினார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் மங்கலாக ஒரு ஆள், அவன் கையில் பெயர்ந்து வந்த ஒரு சீட்.

"சார்! என்ன சார் பண்றீங்க?" பெல்ட் போட்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே பணிப்பெண் கத்தினாள்.

"ஒன்னும் கிழியலம்மா! மறுபடி ஒட்டிடும்! குலுக்கல் நிக்கற வரைக்கும்!" என்று கத்திக்கொண்டே, பெயர்த்த மெத்தையை அக்காளுக்கு அடியில், நீல மெத்தைக்கும் கீழே செருகினார். அக்காள் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, கண்ணை மூடி, மெதுவாக மூச்சை விட்டாள்.

குஷன்காரர் தன் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு தன் சீட்டில் உட்கார்ந்தார். சீட் என்று சொல்லக்கூடாது. ஒரு தகடு, குறுக்கே ஒரு கம்பி. விமானம் ஒவ்வொரு தடவை தூக்கிப்போடும்போதும் அந்தக் கம்பி அவரை விசாரித்தது. ஊரில் இருக்கும் அத்தனை பின்பக்கங்களுக்கும் மெத்தை தைத்துக் கொடுத்த மனிதர், மெத்தை இல்லாமல் உட்கார்ந்தார். குலுக்கல் சுலபத்தில் நிற்கவில்லை.

பாதியில் அக்காள் கண்ணைத் திறந்தாள். "உனக்கு வலிக்குதா?"

"இல்ல" என்று மூக்கை உறிஞ்சினார்.

அக்காள் சிரித்துவிட்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

குலுக்கல் நின்றதும் பணிப்பெண் விறைப்பாக வந்தாள். திட்ட வந்தவள் அக்காளைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டாள். மெத்தையை வாங்கி அவளே திரும்ப ஒட்டினாள். "இனிமே இதைத் தொட்டீங்கன்னா மேல எழுதி அனுப்பிடுவேன் சார்" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு, அக்காளைக் கைபிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனாள். மிச்சப் பயணம் பூராவும் அக்காள் அங்கே நின்றுகொண்டே வந்தாள். போர்வைகளை மடித்திருந்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் பிரித்து மூலைக்கு மூலை சேர்த்து மடித்துக்கொடுத்தாள். கடைசியில் சீட்டுக்கு வந்து உட்கார்ந்தது இறங்குவதற்கு மட்டும்தான்.

விமான வாசலில் ஒரு ஆள் சக்கர நாற்காலியோடு நின்றிருந்தான். மகள் அம்மாவுக்காகச் சொல்லிவைத்திருந்தாள்.

"இதுல வேற உட்காரணுமா? போப்பா!" என்று அக்காள் நடந்தாள். நாலடி போய்த் திரும்பிப் பார்த்தால் தம்பி வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"ஏப்பா, சும்மாத்தானே நிக்குது அந்த வண்டி. இவனை ஏத்திக்கோ" என்றாள் நாற்காலிக்காரனிடம். ஏற்றினார்கள். பாதுகாப்புக்கு ஒரு பட்டையும் போட்டார்கள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அவர்களைத் தாண்டிப்போனது அந்த நேரம்தான்.

வெளியே மகள் கையில் குழந்தையோடு நின்றாள். நாற்காலியில் அம்மா வருவாள் என்று தேடியவள், மாமா உருண்டு வருவதையும் அம்மா பக்கத்தில் நடந்து வருவதையும் பார்த்து ஓடிவந்தாள். "என்ன மாமா ஆச்சு?"

"உங்க மாமன் கழித்தல் கணக்குப் போட்டான்" என்று அக்காள் பையைக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டினாள். குழந்தை அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப்பார்த்தது. மூக்குத்தியைப் பார்த்தது. பிறகு அதைப் பிடிக்கக் கையை நீட்டி அவள் தோளுக்கே வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு நின்றாள். உட்கார் என்று யார் சொன்னாலும் கேட்கவில்லை. குழந்தை வீல் என்று கத்தியது குஷன்காரரைப் பார்த்துத்தான்.

அக்காள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். திரும்பி வரும்போதும் அதே மூன்றே முக்கால் மணிதான், ஆறேகால் இல்லை என்று தெரிந்ததும், "பார்த்தியா, பாதி கொறஞ்சிடுச்சு" என்று தம்பி ஏதோ தானே குறைத்த மாதிரி சொல்லிவிட்டு, தான் மட்டும் ஊர் திரும்பினார். வந்து பார்த்தால் தெருவில் அவருக்கு முன்னால் அவர் கதை வந்து இறங்கியிருந்தது. பஸ் டிரைவர் முதல் தெருவே கடை வாசலில் கூடிவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் ஒரு ஓரமாக நின்றார்.

"ஏன்யா, பிளேன் சீட்டைக் கிழிச்சியாமே? கட்டிப்போட்டு எறக்கினாங்களாமே?" என்றார் டிரைவர்.

குஷன்காரர் இன்னும் சரியாக உட்கார முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். வாயிலிருந்த நூலைத் துப்பினார்.

"கிழிக்கல, கழட்டினேன். யாரும் என்னைக் கட்டல, நடக்க முடியாம நானா உட்கார்ந்தேன். டிக்கெட்டைத் தப்பாப் படிச்ச முட்டாள்னு சொல்லு, கேட்டுக்கறேன். தையலைக் கிழிச்சான்னு எவனாவது சொன்னா, இந்த ஊசியாலேயே அவன் வாயைத் தைப்பேன்."